வாசலோடு திரும்பியவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

உறவினர்களுக்கும், எங்கள் தெருவாருக்கும், புதுச்சேரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்களுக்கும் வணக்கம்.

சித்திரை மாதத் தொடக்கத்தில், 32 வாரத்திலேயே 1,450 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகள், 24 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு 1,820 கிராமுடன் வீடு வந்தாள். எடை ஏறியதும் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். செவிலியர்களோ கடைசி ஐந்து நாளும் எங்கள் இருவரையும் வார்டில் உட்காரவைத்து, வீட்டில் செய்யவேண்டியவை அனைத்தையும் எங்கள் கையாலேயே செய்யவைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். பீச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் எடுத்துப் புரையேறாமல் உதட்டோரம் சாய்த்துப் புகட்டவும், மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணவும் கற்றோம். அந்த எண்ணிக்கை 60ஐத் தாண்டினாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சு குழிந்தாலோ, எழுப்பியும் பாலுக்கு எழாவிட்டாலோ, உள்ளங்கால் மஞ்சள் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் கிளம்பிவிட வேண்டும் என்பதை எங்கள் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்தார்கள்.

அவர்களுள் மூத்த செவிலியர் ஒருவர் காட்டிக்கொடுத்த வித்தையை நாள்தோறும் நினைத்துக்கொள்கிறேன். புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்துப் பிறகு உள்ளங்காலில் வைக்க வேண்டும். இரண்டும் கதகதப்பாக இருந்தால் கவலையில்லை, வயிறு சூடாக இருந்து கால் மட்டும் சில்லிட்டிருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை பராமரிப்பு, கடலூரின் அக்கினி நட்சத்திர வெயிலில் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். குல்லாயும் காலுறையும் அணையாடையும் மட்டும் அணிந்த மகளை, சட்டையில்லாத என் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, மனைவியின் பழைய நூல்சேலையால் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருந்தேன். முதல் நாள் சிரித்த அத்தைமார்களே பிறகு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

எல்லோரிலும் பெரிய நன்றி என் மாமியாருக்கு. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதற்காகத் தூபக்காலைப் புளிபோட்டுத் துலக்கித் தயாராக வைத்திருந்தார். எடை கூடும்வரை குளியல் கூடாது, இந்த நுரையீரலுக்குப் புகை எப்போதுமே ஆகாது என்று மருத்துவர் சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, ஒன்றும் பேசாமல் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் வேறு யாருக்கும் அப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஐயாவையும் சொல்லியாக வேண்டும். மில்லிக்கு 400 யூனிட் என்று சீட்டில் எழுதியிருந்த வைட்டமின் டி சொட்டு மருந்துக்கு, ஒரு கடையில் 800 யூனிட் புட்டியைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி ஒரே மாதிரி இருந்ததால் நான் கவனிக்கவில்லை. அவர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்தைப் படித்து, தாமே நடந்துபோய் மாற்றி வந்தார்.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்த நாளங்கள் முழுதாக வளர்ந்திராது என்பதால், பிறந்த 30 நாளுக்குள் கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று நாள் குறித்தே அனுப்பியிருந்தார்கள். 28ஆம் நாள் காலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு எங்களை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர் தம்பி, பள்ளம் மேடு பார்த்து மெல்ல ஓட்டியதோடு, பகல் இரண்டு மணிவரை காத்திருந்ததற்குத் தனியாக ஒரு பைசாவும் வாங்க மறுத்துவிட்டார்.

குழந்தையைப் பார்க்க ஆசையாக வந்து, சளி இருக்கிறது என்று தாமாகவே சொல்லி வாசலோடு திரும்பியவர்கள் பலர். பேர் வைக்கும் விழாவைத் தள்ளிப்போட்டதற்கு முகம் சுளிக்காத பெரியவர்களும் உண்டு. அன்று உங்களை உட்காரச் சொல்லக்கூட முடியாமல் போனது எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது மகள் 2 கிலோ 700 கிராம். இனி நீங்கள் தாராளமாக வரலாம்; திண்ணையை ஒட்டிய குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாயும் தந்தையும்