ரிமோட் கார் பந்தயம்: எந்த டயர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளரங்கில் கார்பெட் விரித்து நடத்தப்படும் ரிமோட் கார் பந்தயங்களுக்கான அறிவிப்புகளில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, மண்டபத்துக்கு வரும் வழி என எல்லாம் இருக்கின்றன. எந்த டயர் என்பது மட்டும் இருப்பதில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் பெற்றோரின் பணம் வீணாவதையும், ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் தங்களுக்கு ஓட்ட வரவில்லை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவதையும் நேரில் பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நீடாமங்கலத்தில் முப்பது ஆண்டுகளாக, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் டயர் ரீபட்டன் பட்டறை நடத்தி வருகிறேன். லாரி டயரையும் டிராக்டர் டயரையும் புரட்டிப் பழகிய எனக்கு உள்ளங்கையில் அடங்கும் இந்த டயர்கள் புதியவைதான் என்றாலும், ரப்பரின் குணம் பெரிய டயருக்கும் சிறிய டயருக்கும் ஒன்றுதான்.

கடந்த ஆடியில், முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த பந்தயத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியை அழைத்துச் சென்றேன். அவளுடையது அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் கார், அதாவது சமதரையில் ஓட்டும் சாலைக் கார் வகை. பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை வரும். எங்கள் தெருவின் தார்ச்சாலையில் ஒரு நாளும் கவிழாத அந்தக் கார், கார்பெட்டில் இறங்கிய முதல் ஐந்து நிமிட ஓட்டத்திலேயே ஒரே இடதுபக்க வளைவில் மூன்று முறை கவிழ்ந்தது. மூன்றாவது முறை, "எனக்குத்தான் கை சரியில்ல தாத்தா" என்று சொல்லி அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். வேகம் போதாது என்று கடையில் சொன்னதைக் கேட்டு, அதற்கு முந்தைய வாரம்தான் ஏழாயிரம் ரூபாய் கொடுத்துப் புது மோட்டார் மாட்டியிருந்தேன். டயரைப் பற்றி அந்தக் கடைக்காரரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. டயரிலேயே காலம் தள்ளும் நான் அதைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

காரைத் திருப்பிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. முன்பக்க வலது டயரில், தரையில் படும் பரப்பின் நடுப்பகுதி அவ்வளவாகத் தேயாமல் இருந்தது. ஆனால் வெளிப்பக்கச் சுவரில் இருந்த எழுத்துகள் பாதி அழிந்து, அந்த இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல வெளுத்துக் கிடந்தது. கார் இடதுபக்கம் திரும்பும்போது எடையில் பெரும்பங்கு வலது முன் டயரின் மேல் சாய்கிறது. மென்மையான டயர் மடங்கி, தரையைத் தொடவே கூடாத பக்கச்சுவர் கார்பெட்டில் பதிகிறது. கார்பெட் அதை விடாமல் பிடித்துக்கொள்ள, கார் அதையே முட்டுக்கொடுத்துப் புரண்டுவிடுகிறது. இதைப் பந்தயக்காரர்கள் கிரிப் ரோல் என்கிறார்கள். தார்ச்சாலையில் பிடிப்பு போதாவிட்டால் கார் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கார்பெட்டில் பிடிப்பு மிகுந்துபோவதுதான் தொல்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பொம்மை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம் அதன் எடை முழுவதும் உருண்டையான அடியில் இருப்பது. காருக்கு அந்த உருண்டை அடி இல்லை. ஆகவே பேட்டரியும் மோட்டாரும் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், ஓர் எல்லைக்கு மேல் டயர் தரையைப் பற்றினால் அது சாயத்தான் செய்யும்.

இதற்கு மருந்து மலிவானது. முன் டயர்களின் வெளிப்பக்கச் சுவரில், ரிம்மின் விளிம்பிலிருந்து தரைப்பரப்பு தொடங்கும் இடம் வரை, ஃபெவிக்விக் போன்ற உடனொட்டிப் பசையை மெல்லிய படலமாகத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு முறை தடவினால் சுவர் விறைத்துக்கொண்டு மடங்க மறுக்கும். உரசினாலும் அந்த வழவழப்பான படலம் கார்பெட்டில் சறுக்கிக்கொண்டு போகும். பசை தரைப்பரப்பின் மேல் ஏறிவிடக் கூடாது என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது. பக்கத்துப் பெட்டிக்கடையில் பசை வாங்கி வந்து, மண்டபத்தின் பந்திக்கூடத்தில் உட்கார்ந்து அவளையே தடவச் சொன்னேன். மதியம் அதே வளைவை அதே வேகத்தில் அவள் கவிழாமல் கடந்தாள்.

அன்று அங்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய கார்களில் கொட்டை கொட்டையாகப் பட்டன் வைத்த டயர்கள் இருந்தன. நிறையப் பட்டன் இருந்தால் நல்ல டயர் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன எண்ணம். சாலையில் அது சரியும்கூட. மொட்டை டயரோடு லாரியை அனுப்பாதீர்கள் என்று நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். ஆனால் டயரில் பள்ளம் வெட்டுவது முக்கியமாக மழைநீரை வழித்துத் தள்ளுவதற்காக. மண்டபத்துக்குள் மழை பெய்வதில்லை. காய்ந்த கார்பெட்டில் ரப்பர் எவ்வளவு பரப்பில் படிகிறதோ அவ்வளவு நல்லது; உயரமான பட்டன்கள் அங்கே நெளிந்து, சூடேறி, ஓரம் பிய்ந்து போகும். ஆகவே டூரிங் கார்களுக்குக் கார்பெட்டில் மொட்டை டயரே ஏற்றது. சேறடிக்க இரும்புக் கேஜ் வீலும் சாலையில் ஓட ரப்பர் டயரும் மாட்டுகிற நம் விவசாயிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தரைக்கு ஏற்ற சக்கரம் மாட்டுவது அவர்கள் தினமும் செய்கிற காரியம்.

மேட்டிலும் பள்ளத்திலும் தாவுகிற பக்கி வகைக் கார்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றின் பின் டயரில் சிறு சிறு ஊசிமுனை போன்ற குட்டைப் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும்; அவை கார்பெட்டின் நாருக்குள் இறங்கிப் பிடிக்கும்.

மொட்டை டயரிலும் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, ரிம்மில் ஒட்டப்பட்டு உள்ளே ஸ்பாஞ்சு வளையம் வைத்த ரப்பர் டயர். காற்று அடைக்காத டயர் இது. காற்று செய்யும் வேலையை அந்த ஸ்பாஞ்சுதான் செய்கிறது. இதில் புதுசை அப்படியே பந்தயத்தில் ஓட்டக் கூடாது. வார்ப்பச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய பொருளின் வழவழப்பு மேலே இருக்கும். துடைத்துச் சில சுற்றுகள் ஓட்டி அதைப் போக்க வேண்டும். மற்றொன்று ஃபோம் டயர். இதை வார்ப்பதில்லை, ரப்பர் நுரையை வளையமாக ரிம்மில் ஒட்டி, சிறு லேத்தில் சுற்றவிட்டுக் கடைந்து எடுக்கிறார்கள். பழைய லாரி டயரின் மேல்தோலை நாங்கள் பஃபிங் போட்டுச் சீவுவதும் இதுவும் ஏறக்குறைய ஒரே வேலை என்பதால், இதைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள தட்டைக் கார்கள் இந்த ஃபோம் டயரில்தான் எட்டு நிமிடப் பந்தயம் ஓடுகின்றன. கடைந்து விட்டத்தைக் குறைத்தால் கார் தாழ்கிறது, நுரையின் தடிமன் குறைந்து நெளிவும் குறைகிறது. ஆகவே பிடிப்பு மிகுந்த கார்பெட்டில் சிறிய விட்டமும், பிடிப்புக் குறைந்த கார்பெட்டில் சற்றுப் பெரிய விட்டமும் வைப்பது வழக்கம். நான்கு டயருக்கும் ஒரே மென்மை வேண்டியதில்லை. பின்புறம் மென்மையாகவும் முன்புறம் சற்றுக் கடினமாகவும் இருந்தால் வளைவில் கார் வால் சுழற்றாது. இந்தக் கடினத்தை ஷோர் என்ற அளவால் குறிக்கிறார்கள். எங்கள் தொழிலிலும் அதே அளவுதான்.

ஃபோம் டயரின் குறையும் சொல்ல வேண்டும். தடுப்புப் பைப்பில் ஒரு முறை ஓரம் இடித்தால் கடித்து எடுத்த இட்லி போலத் துண்டு பெயர்ந்துவிடும். வெயில் பட்டால் காய்ந்து வெடிக்கும். காரை நாள்கணக்கில் டயரின் மேலேயே நிறுத்தி வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். காற்றுப் புகாத பையில் போட்டு, நிழலில் வைக்க வேண்டும். கடைவதற்கு லேத்தும் தேவை. இந்தக் காரணங்களால், தொடங்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் டயரே நல்லது என்பது என் துணிபு.

அடுத்தது சூடு. சில டூரிங் டயர்களில் 24, 28, 32, 36 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட வெப்பமான தரைக்கு உரிய டயர் என்று பொருள். குளிர் நாடுகளின் அரங்கங்களில் ஓட்டுவோர் பரிந்துரைக்கும் மென்மையான டயரையே இங்குள்ள பலரும் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அன்று குளிர்சாதனம் இல்லாத அந்த மண்டபத்தில், மதியம் இரண்டு மணிக்குக் கார்பெட்டின் சூட்டை என் பட்டறைத் தெர்மாமீட்டரில் பார்த்தேன். 34 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் மென்மையான ரப்பர் முதல் இரண்டு நிமிடம் நன்றாகப் பிடித்து, பிறகு வெண்ணெய் போல் இளகி வழுக்கத் தொடங்கும். டெல்டாவில் ஆடிக்கு ஒரு டயரும் மார்கழிக்கு ஒரு டயரும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கார்பெட்டே ஈரம் கோத்துக்கொண்டு கனக்கும்போது எந்த டயரைப் போட்டாலும் பெரிய பயன் இருக்காது. அம்மாதங்களில் பந்தயத்தைத் தவிர்ப்பதே மேல்.

நான் மிகவும் வருந்துவது டயரில் தடவும் திரவத்தைப் பற்றி. பிடிப்பைக் கூட்ட அடிட்டிவ் என்று சொல்லப்படும் ஒன்றைத் தடவி, பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு ஓட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். முன் டயரில் உள்பாதிக்கு மட்டும் தடவித் திருப்பத்தின் கூர்மையை மட்டுப்படுத்துவது நல்ல உத்தியும்கூட. ஆனால் எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் மண்ணெண்ணெயில் எதையோ கலந்து தடவிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் ரப்பரை ஊதி உப்பச் செய்யும். அன்றைக்குப் பிடித்தாலும் இரண்டு பந்தயத்தில் அந்த டயர் சொதசொதத்துப் போகும். அந்தக் கலவை அவருடைய டயரோடு நிற்கவில்லை. கார்பெட்டில் இறங்கி, பின்னால் ஓடிய பிள்ளைகள் அத்தனை பேருடைய டயரிலும் ஒட்டியது. சன்னல் சாத்திய கூடத்தில் அந்த நெடியில் சிறுவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். வலித் தைலங்களில் சேரும் வின்டர்கிரீன் எண்ணெய் கலந்த திரவங்கள்கூட நெடி காரணமாக வெளிநாட்டு உள்ளரங்கங்கள் பலவற்றில் தடுக்கப்பட்டன. அந்த எண்ணெய் குழந்தையின் வாய்க்குள் போனால் நஞ்சு. இங்கே மண்ணெண்ணெயையே யாரும் தடுக்கவில்லை.

கார்பெட்டைப் பற்றியும் ஒன்று. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுக்கும் கார்பெட்டைப் பெருக்காமல் விரித்திருந்தார்கள். பேத்தியின் பின் டயரைத் துடைத்தபோது துணியில் மஞ்சள் அப்பியது. கூர்ந்து பார்த்தால் ஓர் அட்சதை அரிசி ரப்பரில் பதிந்திருந்தது. ஏதோ ஒரு வைகாசிக் கல்யாணத்தின் அட்சதையாக இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல டயரானாலும் தூசியும் குங்குமமும் அப்பிய பிறகு அதனால் ஒன்றும் ஆகாது. வாக்குவம் கிளீனர் போட்டு ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.

ஐரோப்பாவின் யூரோ டூரிங் சீரிஸ் போன்ற பெரிய பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே டயர் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பந்தயங்களை நடத்துவோரும், இன்ன வகைக் காருக்கு இன்ன டயர், இன்ன திரவம் அல்லது திரவமே கூடாது, விரிக்கப்போவது இன்ன கார்பெட் என்று குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். முடிந்தால் டயரை அவர்களே மொத்தமாக வாங்கி, நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். காசு உள்ளவர் ஐந்து செட் டயர் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் பார்ப்பதும், ஒரே செட்டோடு வரும் பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியேறுவதும் அப்போது நிற்கும். தங்கள் நாளிதழும் இத்தகைய பந்தயச் செய்தியை வெளியிடும்போது டயர் எது என்று நடத்துவோரைக் கேட்டு, அதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

மார்கழியில் மண்டபங்கள் மறுபடி காலியாகும். ஒரே டயர் விதியோடு பந்தயம் நடத்த யார் முன்வந்தாலும், கும்பகோணமோ மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, என் பட்டறையில் உள்ள ஷோர் அளவுமானியை எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து, ஒவ்வொரு பிள்ளையின் டயரையும் அளந்து தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
டயர் ரீபட்டன் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
நீடாமங்கலம்.