ஓவியர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ‘இதர வரவு’ என்று ஒரு வரி வரும். விமர்சனக் கூட்டங்களில் ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘தத்ரூபம்’ ஆகிய மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு உண்டியலில் அபராதமாக ஐந்து ரூபாய் போட்டவர்களின் பணம் அது. அதிகம் கட்டியவர் நம் தலைவர்தான் என்பதை அவர் அனுமதியோடு பதிவு செய்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆண்டு முழுவதும் பேஸ்டலில், அதாவது வண்ணத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில், முகச்சித்திரம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்திருந்தோம். பேஸ்டல் தூள் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை. மே மாதத்தில் அது எப்படி இருந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

ஜூன் கூட்டத்தில் எல்லோருடைய படங்களையும் சுவரோரம் வரிசையாக வைத்தபோது ஒன்று விளங்கியது. முகத்துக்குப் பல நாள் உழைத்தவர்கள் பின்னணிக்குக் கால் மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. மீந்து போன குச்சியை எடுத்துத் தேய்த்து நிரப்பியிருந்தோம். பாதிப் படங்களில் வான நீலம். உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் வானத்தின் முன் உட்காரவில்லை.

என் படத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் பெரியம்மாவை வரைந்திருந்தேன். அவர் கூறைப் புடவையின் நினைவாகப் பின்னணிக்கு அரக்குச் சிவப்பு. படத்தை வைத்ததும் ஓர் உறுப்பினர், “அம்மாவுக்குக் காமாலையா?” என்று கேட்டார். மாநிறத்தைத்தான் தவறாகக் கலந்துவிட்டேன் என்று எண்ணி, கன்னத்தில் ஆரஞ்சை மேலும் மேலும் ஏற்றினேன். காமாலை இறங்கவில்லை.

நம் உறுப்பினர்களில் ஒருவர் ஜவுளிக் கடையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பை நிறையத் துண்டுத் துணிகளோடு வந்தார். கடையில் புடவையை விரித்து வாடிக்கையாளரின் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிற்க வைப்பார்கள் அல்லவா, அதே போல் ஒவ்வொரு துணியாகப் படத்திலிருந்த பெரியம்மாவின் முகத்தைச் சுற்றிப் பிடித்துக் காட்டினார். வெள்ளைத் துணிக்கு முகம் கறுத்தது. பாசிப் பச்சையைப் பிடித்ததும் கன்னத்தில் இரத்தம் ஓடியது. முகத்தில் நான் ஒரு கோடு கூடப் போடவில்லை. கடும் சிவப்பு தன் பக்கத்து நிறத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும், பச்சை அதைச் சிவப்புப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான் நடந்தது.

பாரிசின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோலுக்கும் இதே வழக்குத்தான் வந்தது. கறுப்பு நூலில் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள் கறுப்பைக் கெடுத்திருந்தன. 1839-இல் இதை அவர் பெரிய நூலாகவே எழுதினார். நம் ஜவுளிக் கடைக்காரர் அதைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருந்திருக்காது.

செப்டம்பரில் இரண்டு பழைய பேஸ்டல் படங்களின் அச்சுப் பிரதிகளை வைத்துப் பேசினோம். லியோதார் 1744 வாக்கில் வரைந்த சாக்லேட் ஏந்திய பணிப்பெண், இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. பின்னால் வெறும் வெளிர் சுவர். மற்றது லாத்தூர் வரைந்து 1755-இல் பார்வைக்கு வைத்த, பிரெஞ்சு அரசவையில் செல்வாக்கு மிக்க பெண்மணியான மதாம் தெ பொம்பதூரின் படம். புத்தகங்கள், பூமி உருண்டை, இசைத்தாள் என்று சுற்றிலும் ஒரு வீடே இருக்கிறது. எது சிறந்தது என்ற வாதம் தேநீர் ஆறும் வரை நீண்டது. வெறும் சுவரை வரைவதுதான் கடினம் என்பது என் கட்சி. சிறுபான்மைக் கட்சி.

அடுத்து ஒரு வருத்தமான பதிவு. அக்டோபரில் ஓர் அம்மையார் தம் பேத்தியின் படத்தைக் கொண்டுவந்தார். மங்கிய நீலச் சாம்பல் பின்னணி. “சோகமாக இருக்கிறது, மஞ்சள் போடுங்கள்” என்று நான்தான் சொன்னேன். அடுத்த மாதம் மஞ்சள் போட்டு வந்தார். அதற்குள் தாளின் சொரசொரப்பு முழுவதும் அடைபட்டுப் போயிருந்தது. புதிய பேஸ்டல் பிடிக்காமல் வழுக்கியது. நீலத்துக்கு மேல் மஞ்சள் ஏறி, அழுக்குப் பச்சையாகத் திட்டுத் திட்டாக நின்றது. முதல் நீலம் சரியானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த சன்னல் ஓரத்தின் காலை நிழல். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிசம்பரிலிருந்து அவர் வருவதில்லை.

அதன் பின் செயற்குழு விதியைத் திருத்தியது. படம் வைத்தவர் முதல் பத்து நிமிடம் பேசக் கூடாது என்பது பழையபடியே இருக்கும். மற்றவர்கள் கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கியது என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த நிறம் போடு, அந்த நிறம் போடு என்று மருந்துச் சீட்டு எழுதித் தந்தால் உண்டியலில் பத்து ரூபாய். அந்த நிறம் ஏன் என்று வரைந்தவரிடம் கேட்காமல் யாரும் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பின்னணியை முகத்தோடு சேர்த்தே தொடங்குவது, ஓரத்தில் சிறு துண்டுத் தாளில் நான்கு நிறங்களைச் சோதித்துப் பார்ப்பது ஆகிய இரண்டும் இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டன. நல்ல தாள் விலை ஏறிவிட்டதால் பயிற்சிக்கு வன்பொருள் கடையின் நுண்ணிய உப்புத்தாளைப் பயன்படுத்துகிறோம். நாளடைவில் அது கெட்டுப் போகும்; காட்சிக்கு வைக்கும் படங்களை அதில் வரைய வேண்டாம். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஈரத்தில் சென்ற ஆண்டு மூன்று படங்களுக்குப் பூஞ்சை பிடித்தது.

கூடம் தந்து உதவிய வீட்டு உரிமையாளருக்கும், தரையில் படிந்த தூளைப் பொறுத்துக்கொண்ட துப்புரவுப் பணியாளருக்கும் நன்றி. வரும் ஞாயிறு நானும் தலைவரும் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் செல்கிறோம். ஒரு கட்டு புதிய தாள் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தச் செலவு சங்கக் கணக்கில் வராது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்