எலும்பு பாபின்களும் ஒரு ரசீதும்

அன்பு மகனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே பெட்ஃபோர்டில் நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். நீ அனுப்பிய பாபின் பெட்டி, லேஸ் பின்ன நூல் சுற்றுகிற எலும்புக் குச்சிகள் எல்லாம், பத்திரமாக வந்தது. "ஒரிஜினல்தானே அம்மா?" என்று ஒரு வரி கேட்டதோடு சரி, அதற்கப்புறம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை, எடுத்தால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறாய். எந்நேரமும் எங்கேதான் ஓட்டுகிறாயோ. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

பெட்டி முழுவதையும் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்தேன். ஒரு பெட்டி பாபினை மொத்தமாக ஒரிஜினல், போலி என்று சொல்ல முடியாது எய்யா, ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் பதில். முழுக்க ஒரே லேஸ்காரி வைத்துப் பின்னிய லேஸ் தலையணையிலிருந்து வந்தது என்று கடைக்காரர் ஒரு சீட்டு வைத்திருக்கிறாரே, அதை நம்பாதே. டெவன் பக்கத்து ஹானிட்டன் பாபின்கள் சில இதிலேயே கலந்து கிடக்கின்றன: மெலிசாக, அடி கூராக, மணி எதுவும் இல்லாமல். அந்த வேலையில் பின்னி முடித்த கண்ணிக்குள் பாபினையே நுழைத்து எடுக்க வேண்டும், மணி தொங்கினால் மாட்டிக்கொள்ளும். நம் பெட்ஃபோர்ட், பக்கிங்ஹாம், நார்தாம்ப்டன் பக்கத்தில்தான் அடியில் கம்பியில் மணி கோத்து ஸ்பாங்கிள் தொங்கவிடுவார்கள், பாபின் உருண்டு போகாமல் கிடக்கவும் கனத்தில் நூல் விறைப்பாக நிற்கவும். இரண்டையும் ஒருத்தியே வைத்துப் பின்னினாள் என்றால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சந்தையில் யாரோ அள்ளிப் போட்ட கலவை என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

சீட்டில் "தந்தம்" என்று வேறு எழுதியிருக்கிறது. தந்தமே இல்லை, மாட்டெலும்புதான். லென்ஸில் பார்த்தால் நீளவாக்கில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளியும் கீற்றும் தெரிகிறது, அது உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடிய குழாய்களின் தடம். தந்தத்தில் அது இருக்காது, குறுக்கே வெட்டிய முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும். ஒருவிதத்தில் தந்தமாக இல்லாதது நல்லதுதான், 2018 தந்தச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இந்த நாட்டில் தந்தம் விற்பது பெரிய தலைவலி. கடைக்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையென்றால் மற்றதில் என்ன தெரிந்திருக்கும்? யாரோ சொன்னார்கள் என்று ஊசியைக் காய்ச்சி வைத்துச் சோதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், பழைய பொருளில் சூடு போட்ட தழும்பு அப்படியே நின்றுவிடும்.

நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். நூல் சுற்றுகிற இடம் அது. வருஷக்கணக்காக நூல் உரசிய கழுத்து வழவழவென்று ஆகியிருக்கும், சிலதில் மயிரிழைக் கோடுகள் விழுந்திருக்கும். அப்புறம் தண்டில் விரல் பிடிக்கிற இடம், அங்கே ஒரு தேய்மானம், ஒரு பளபளப்பு. பழசாகக் காட்டுகிறவர்கள் தேய்ந்தாற்போல் செய்துவிடுவார்கள், ஆனால் முழு உடம்பையும் ஒரே மாதிரி தேய்த்து வைத்திருப்பார்கள். கை படாத இடமும் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆச்சி இடையன்குடியில் பின்னிய மரப் பாபின்கள் என் பீரோவில் இருக்கின்றனவே, ஒரு எழுத்து கிடையாது, ஒரு மணி கிடையாது, யாரும் பத்து ரூபாய்கூடத் தர மாட்டார்கள், ஆனால் அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு பாடம் வேண்டாம். நீ சின்ன வயதில் அதை வைத்து டிரம் அடித்தாய்.

சாயம் ஏற்றுவது இன்னொரு வேலை. தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தால் வெள்ளை எலும்பு ஒரு ராத்திரியில் நூறு வயது ஏறிவிடும். ஆனால் சாயத்துக்கு எங்கே நிற்பது என்று தெரியாது, துளைக்குள்ளும் விரிசலுக்குள்ளும் போய்க் கெட்டியாகத் தங்கிவிடும். அதனால் மணிக்கம்பி நுழையும் துளையை நன்றாகப் பார். பழைய பாபினில் கம்பி அசைந்து அசைந்து துளை கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும், பித்தளைக் கம்பி களிம்பேறி ஓரத்தில் ஒரு பச்சை கசிந்திருக்கும். உன் பெட்டியில் "அன்பே, மோதிரம் வாங்கு" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒன்று இருக்கிறதே, அதன் துளையில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது நிஜம். சந்தேகமே இல்லை. தேடித் தேடி அம்மாவுக்கென்று இப்படி ஒன்றை வாங்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே உனக்கு, எங்கள் லேஸ் குழுவில் எல்லோரிடமும் காட்டினேன், என் மகன் வாங்கிக் கொடுத்தது என்று.

ஆனால் விலையை யாரிடமும் சொல்லவில்லை. ரசீதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாய். இவ்வளவா? இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

எழுத்து உள்ள பாபின்தான் விலை போகும், அதனால் ஏமாற்று வேலையும் அங்கேதான். பொடித் துளைகளாகத் துளைத்து, சிவப்பும் நீலமும் மாறி மாறி அப்பி, பெயரும் வாசகமும் எழுதுவார்கள். காதலனின் பெயர், பிறந்த குழந்தையின் பெயர், செத்துப்போனவர் பெயர். பழைய எழுத்தில் புள்ளிகளின் இடைவெளி முன்னே பின்னே இருக்கும், எழுத்துப்பிழை இருக்கும், கடைசியில் இடம் போதாமல் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மோசமான போலி புது எலும்பில் வராது, நிஜமாகவே பழைய, எழுத்தில்லாத பாபினை எடுத்து நேற்று எழுதியதாகத்தான் வரும். எலும்பு பழசு, தேய்மானம் பழசு, எழுத்து மட்டும் புதுசு. லென்ஸில் புள்ளியின் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பழைய எழுத்தென்றால் எலும்போடு சேர்ந்து விளிம்பும் மழுங்கி இருக்கும், விரல் படும் பக்கம் சாயம் போயிருக்கும். புது எழுத்தென்றால் அந்த வழவழப்பை வெட்டிக்கொண்டு துளை இறங்கியிருக்கும், விளிம்பு கூராக இருக்கும்.

உன் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் பாதி விலை போட்டிருக்கிறார் அந்த மனிதர். "ஜோசப் காஸில் தூக்கிலிடப்பட்டான் 1860". இது ஒரு வகை, தூக்குப் பாபின் என்றே சொல்வார்கள். பெட்ஃபோர்ட் சிறையில் தூக்கு நடந்தால் அந்தப் பெயரையும் வருஷத்தையும் எழுதிப் பாபின் விற்பார்கள், 1868-இல் வில்லியம் வொர்ஸ்லிக்கும் செய்தார்கள். சேகரிப்பவர்கள் இதற்கு அடித்துக்கொள்வார்கள், அதனாலேயே போலி அதிகம். உன்னுடையதில் ஒவ்வொரு புள்ளியும் கத்தியால் வெட்டியது போலக் கூராக நிற்கிறது. பழைய வெறும் பாபினில் பின்னால் எழுதியது. அது போகட்டும், உனக்கு அம்மாவுக்கு வாங்க வேறு பாபினே கிடைக்கவில்லையா? அந்த ஜோசப் யாரைக் கொன்றான் தெரியுமா, பெண்டாட்டியை. அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும். பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவை பதித்தவை இருக்கின்றன. வட்டப் புள்ளியாகப் பதித்தால் சிறுத்தை, பட்டையாகப் பதித்தால் புலி, சிறகு மாதிரி பதித்தால் பட்டாம்பூச்சி என்று பெயர். உன் புலியில் பட்டை இரண்டு உதிர்ந்து வெறும் பள்ளம்தான் மிச்சம், மீதியும் சாம்பல் பூத்துப் போயிருக்கிறது. அதைப் பார்த்து மனம் கோணாதே, பியூட்டர் காலப்போக்கில் அப்படித்தான் பொடியாகும். பளபளவென்று மின்னினால்தான் கவலைப்பட வேண்டும். தயவுசெய்து யாராவது சரிபண்ணித் தருகிறேன் என்றால் கொடுத்துவிடாதே. எதையும் அவசரப்பட்டுக் கொடுக்காதே.

மணிகளை வைத்து வயது சொல்லாதே. கம்பி அறுந்தால் திரும்பக் கோத்துக்கொள்வார்கள், அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சதுர மணிகள் இருக்கும், சூடாக இருக்கும்போது அரத்தை வைத்து நாலு பக்கமும் அழுத்தி எடுத்தவை, அந்த அரத்தின் வரி மணிமேல் நின்றிருக்கும். அது பழைய மணிக்கு அடையாளம், பழைய பாபினுக்கு அடையாளம் இல்லை. உன் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பாபினில் அருமையான சதுர மணிகள் கோத்திருக்கிறார்கள். வார்ப்புக் கோடு பக்கவாட்டில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் கடைக்காரர் ஒருதரம் விரலால் உருட்டிப் பார்த்திருந்தால் போதும்.

மீதியில் கொஞ்சம் 1970கள், 80களில் செய்தவை. அவற்றைப் போலி என்று சொல்ல மாட்டேன், அது பாவம். லேஸ் பின்னுகிறவர்களின் சங்கமான லேஸ் கில்ட் 1976-இல் தொடங்கிய சமயத்தில் மறுபடி நிறையப் பேர் பின்ன ஆரம்பித்தார்கள், நல்ல கடைசல்காரர்கள் கிளம்பினார்கள், 1981 அரச கல்யாணத்துக்குக்கூடப் பாபின் செய்தார்கள். யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை. ஆனால் நாற்பது வருஷம் புழங்கியதில் அவையும் கொஞ்சம் தேய்ந்துவிட்டன, வீடு காலி பண்ணுகிறபோது எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்து பழசு என்று போய்விடுகிறது. நன்கு பழகிய கண் வேண்டும். உனக்குப் பார்க்க ஆசை என்றால் ஆல்னியில் கூப்பர் நியூட்டன் மியூசியத்தில் நிறைய இருக்கிறது, இங்கிருந்து பக்கம்தான். ஒரு சனிக்கிழமை எல்லோரும் வந்தால் போய்வரலாம். எல்லோரும் என்றால் எல்லோரும்.

இப்போது ரசீது. இணையத்தில் கடை வைத்து விற்கிறவர்தானே, பொருள் கைக்கு வந்து பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சொன்னதற்கு மாறான பொருள் என்றால் அந்தக் கெடு தாண்டினாலும் கேட்கலாம், தந்தம் என்று எழுதி எலும்பைக் கொடுத்திருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும். உடனே எழுது. மோதிரத்தையும் புலியையும் மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அவற்றுக்குத் தனி விலை கேள். உனக்குச் செலவு பண்ணக் காசு இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை, வீட்டுக்கடன் இருக்கும்போது இது எதற்கு என்றுதான். கடைக்காரர் ஏதாவது ஃபாரம் அனுப்பினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பொதுவாகவே சொல்கிறேன், எதிலும் ஆத்திரத்தில் கையெழுத்துப் போடாதே, ஒரு வாரம் ஆறப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்பாவும் நானும் பேசாமல் கிடந்த நாட்கள் உண்டு, உனக்குத் தெரியும்.

இன்னொன்று, ரசீதில் உன் முகவரி தப்பாக விழுந்திருக்கிறது. ஏதோ ஃபிளாட் நம்பர் போட்டு வேறு தெருப் பெயர் இருக்கிறது. எடின்பரோவில் அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று அப்பா மேப்பில் பார்த்தார், உன் வீட்டிலிருந்து தூரமாம். கடைக்காரர்தான் யாருடையதையோ மாற்றி அடித்திருப்பார், திருத்தச் சொல், இல்லையென்றால் திரும்பி வரும் பணம் எங்கேயோ போய்விடும். வாழ்த்து அட்டையிலும் உன் பெயர் மட்டும் இருந்தது. அவசரத்தில் எழுதியிருப்பாய். அவள் எழுதினால்தான் அட்டை நிறையும், உன் கையெழுத்து எப்போதும் கோழிக்கிறுக்கல்தான்.

இடையன்குடி வீட்டு விஷயம், சித்தப்பா சொன்னது, எல்லாம் அப்புறம் எழுதுகிறேன், இப்போது எழுத மனசு ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டு மணிக்கு வீட்டில்தான் இருப்போம், கூப்பிடு. வண்டியில் இருக்கும்போது வேண்டாம்.

பாப்பாவுக்கு ஒரு லேஸ் காலர் பின்னி முடித்திருக்கிறேன். நீ அனுப்பிய பழைய பாபின்களில் நல்லதாகப் பார்த்துச் சிலவற்றை ஆச்சியுடையதோடு சேர்த்து வைத்துத்தான் பின்னினேன். கழுத்தளவு போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, வளர்ந்திருப்பாள், அதனால் ஒரு விரல் கூட விட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தபாலில் போடலாம் என்று இருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

அன்புடன்,
அம்மா