செட்டிங் மாற்றியதற்கெல்லாம் ஃபார்மட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேன் என்கிறதா, "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்" என்று சர்வீஸுக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு பென் டிரைவை எடுக்கிறார்கள். சிவகாசி, விருதுநகர் பக்கம் அச்சகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன் நான். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன். நெட்வொர்க் செட்டிங்கை மாற்றியதால் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரில் அநேகமாக ஒரு ஃபைல்கூட போயிருக்காது, ஃபார்மட் அடித்தால்தான் போகும்.

காலண்டர் சீசனில் ஓர் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவர வேண்டும், டிசைனர் பையனின் டெஸ்க்டாப் முழுக்க முருகனும் லட்சுமியும் கோரல்டிரா ஃபைல்களாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பழைய சர்வரைக் கழற்றிவிடலாம் என்று யாரோ சொல்ல, வந்த ஆள் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் டொமைனிலிருந்து (எல்லாருடைய கணக்கையும் சர்வரே கவனிக்கும் ஏற்பாடு) ஒர்க்குரூப்புக்கு (ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் கணக்குகளைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தார். அவ்வளவுதான். காலையில் வரைக்கும் வேலை செய்த பெயரும் பாஸ்வேர்டும் தவறு என்கிறது திரை. இத்தனைக்கும் மாற்றும்போதே விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும்: டொமைனை விட்டு வந்த பிறகு உள்ளே நுழைய லோக்கல் அட்மினிஸ்டிரேட்டர் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும், தொடரலாமா என்று. அதை யார் படிக்கிறார்கள், ஓகே, ஓகே, ஓகே.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நீங்கள் யார் என்று சொல்வது சர்வர். சர்வர் அணைந்திருந்தாலும் உள்ளே போக முடிகிறதே என்றால், கடைசியாக வந்த சிலரின் விவரத்தை, வழக்கமாகப் பத்துப் பேர் வரை, அந்தக் கம்ப்யூட்டரே நினைவில் வைத்திருக்கும். ஒர்க்குரூப்புக்கு மாற்றியதும் அந்தக் கணக்குகளை அது ஏற்காது, தனக்குள்ளேயே உருவாக்கப்பட்ட லோக்கல் கணக்கை மட்டும்தான் கேட்கும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பல முதலாளிகளுக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது? கம்ப்யூட்டரை முதன்முதலில் வாங்கியபோது ஒரு பெயர் கொடுத்திருப்பார்கள், அட்மின் என்றோ கடைப் பெயரிலோ. அதை யோசித்துப் பாருங்கள். "அதர் யூசர்" என்பதில், முதலில் ஒரு புள்ளி, ஒட்டினாற்போல் இடப்பக்கம் சாய்ந்த கோடு (\), அப்புறம் அந்தப் பெயர் என்று அடித்தால் இந்தக் கம்ப்யூட்டரிலேயே உள்ள கணக்கு என்று அதற்குப் புரியும். டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால், அடிக்கும்போதே பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே டொமைன் பெயர் போய் கம்ப்யூட்டரின் பெயர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதுவும் நினைவில்லை என்றால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை. லாகின் திரையில் பவர் பொத்தானைத் தட்டி, ஷிஃப்ட்டை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்த வேண்டும். விண்டோஸோடு கூடவே வரும் அட்மினிஸ்டிரேட்டர் கணக்கு விஸ்டா காலத்திலிருந்து முடக்கியேதான் வருகிறது. ஆனால் கம்ப்யூட்டர் டொமைனில் இல்லாமல், உயிரோடு வேறு லோக்கல் அட்மினும் இல்லாமல் இருந்தால், சேஃப் மோடில் அது நுழைய விடும். அதற்கு யாரும் பாஸ்வேர்டு வைத்திருக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு என்டர் அடித்தாலே போதும். அந்த அச்சகத்தில் இப்படித்தான் திறந்தது, ஃபார்மட் அடிக்க வந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் அடுத்த அதிர்ச்சி, டெஸ்க்டாப் காலி. பையன் அழாத குறை. ஒன்றும் போகவில்லை, புதுக் கணக்குக்குப் புது டெஸ்க்டாப், அவ்வளவே. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயரில் எல்லாம் அப்படியே இருக்கும். திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லும், கன்டினியூ கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் திறந்துவிடும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் மட்டும் இந்த வழியில் வராது, அது பழைய கணக்கோடு பூட்டப்பட்டது. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் திரும்ப டொமைனில் சேர்த்து அதே பெயரில் நுழைவது இன்னும் நல்லது, பழைய டெஸ்க்டாப் இருந்தபடியே வரும்.

இன்னொரு வகை இதைவிட அதிகம். நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது டிஎன்எஸ்ஸை, அதாவது பெயரைச் சொன்னால் விலாசம் தேடித் தருவது எது என்கிற செட்டிங்கை, கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிவிடுவார்கள். நெட் பறக்கும், ஆனால் சர்வர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அலுவலக சர்வரின் விலாசம் கூகுளுக்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியவர்கள் மாட்டிக்கொள்வார்கள், கம்ப்யூட்டரின் நினைவில் இருப்பது பழையதுதான். லான் வயரைப் பிடுங்கிவிட்டு, வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக வேலை செய்த பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். உள்ளே விட்டதும் அட்மின் உரிமை உள்ளவரை வைத்து டிஎன்எஸ்ஸை சர்வரின் ஐபி விலாசத்துக்கே திருப்பிவிட்டால் தீர்ந்தது. வீட்டு லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். போனில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், லேப்டாப்பில் நெட் இல்லை, அது பழையதைத்தான் கேட்கும். பின் எண் வைத்திருந்தால் அதற்கு நெட்டே வேண்டாம்.

இத்தனையும் டிஸ்க் பூட்டப்படாமல், அதாவது அதில் உள்ளதெல்லாம் ரகசியக் குறியீடாக மாற்றப்படாமல், இருந்தால்தான் எளிது. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த உடனே, நம்மைக் கேட்காமலேயே, டிஸ்க்கைப் பூட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. அப்போது சேஃப் மோடுக்குப் போனாலே 48 இலக்க ரெக்கவரி கீயை, அதாவது அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணை, கேட்கலாம். வேறொரு போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் டிவைசஸ் பகுதியில் பார்த்தால் கீ இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கீ எங்கேயும் இல்லை என்றால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது, "நான் திறந்து தருகிறேன்" என்று போனில் காசு கேட்பவன் ஏமாற்றுக்காரன். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். டிஸ்க் பூட்டப்படவில்லை, ஆனாலும் எந்த வழியிலும் நுழைய முடியவில்லை என்றால், உபுண்டு என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஃபார்மட் அடிக்கட்டும். யார் வேண்டாம் என்றது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் ஊரெங்கும் பழையதைக் கழற்றிப் புதியது மாட்டுகிறார்கள், இந்தத் தொல்லையும் கூடிக்கொண்டே போகிறது. உங்கள் பத்திரிகையில் புதுப்புது போன்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறதே, இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாம். வாசகர்கள் செய்ய வேண்டியது இதுதான்: நெட்வொர்க்கில் கை வைக்க வருகிறவரை முதலில் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு உருவாக்கச் சொல்லி, சைன் அவுட் செய்து அதில் நுழைந்து காட்டச் சொல்லுங்கள், பாஸ்வேர்டையும் ரெக்கவரி கீயையும் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர் எந்தச் செட்டிங்கை வேண்டுமானாலும் மாற்றட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகாசி