பீலித் தண்ணீரைக் கலங்காமல் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரியவர்களே,

அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் நான்கு லயங்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்), அடிவாரத்துச் சிங்களக் கிராமத்துக்கும் குடிதண்ணீர் தருவது யூகலிப்டஸ் காட்டின் கீழே கசியும் ஒரே ஓர் ஊற்றுத்தான். தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக்காக வளர்த்த அந்தக் காடு கடந்த ஆடி, ஆவணி மாதங்களில் வெட்டப்பட்டது. ஐப்பசி மழை முழுவதும் கொட்டித் தீர்ந்த பின்பும், ஊற்றுநீரைக் கொண்டுவந்து விழச்செய்யும் குழாயான பீலியில் தெளிந்த தண்ணீரே விழுகிறது. அதற்குக் காரணமான உங்களுக்குக் குடிநீர்க் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன்.

முன்பு ஒருமுறை மரம் வெட்டியபோது நடந்ததை லயத்துத் தாய்மார் இன்னும் மறக்கவில்லை. ஊற்றுக்கு நேர்மேலே மரம் இழுத்த தடம் மழைநீர் ஓடும் கானாக (வாய்க்காலாக) மாறிச் சேற்றை எல்லாம் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தது. கலங்கிய தண்ணீரில் குளோரின் வலுவிழந்துவிடும், மண்துகளின் மறைவில் கிருமிகள் தப்பிவிடும் என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. எத்தனையோ பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் வாடினார்கள்.

ஆகவே முதல் நன்றி எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், அவர் அழைத்து வந்த நிலத்தடி நீர் அறிந்த உத்தியோகத்தருக்கும் உரியது. ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலி போட்டால் போதும் என்று நாங்கள் கேட்டபோது, அவர்கள் எங்களை மேட்டுக்கு அழைத்துச் சென்று, கடும்பாறைக்கு மேலுள்ள சிதைந்த மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கும் மழைநீரே மெல்ல இறங்கி ஊற்றாகிறது என்றும், ஆகையால் காக்க வேண்டியது சரிவு முழுவதும் என்றும் பொறுமையாக விளக்கினார்கள். 2014ஆம் ஆண்டின் இறுதியில் உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பின்னர் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதை அறிந்த எங்களுக்கு, அந்த விளக்கம் உடனே மனதில் பதிந்தது.

மரமே வெட்டக்கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. தொழிற்சாலை அடுப்பு எரிந்தால்தான் எங்களுக்கும் வேலை. தோட்டத்து முகாமையாளரான துரை அதைப் புரிந்துகொண்டு, ஊற்றை ஒட்டிய மரங்களை விட்டுவைத்து, டீசல் பீப்பாய்களையும் வெட்டுவோரின் கூடாரத்தையும் கழிவறையையும் ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக மாற்றி, அந்தச் சரிவில் களைகொல்லி அடிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

மரம் வெட்டிய தொழிலாளர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! வெட்டிய அளவுக்கே கூலி பெறும் நீங்கள், ஊற்றின் மேல் தடம் விழக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு கட்டையையும் மறுபக்கச் சரிவு வழியாகச் சுற்றிக் கொண்டுபோனீர்கள். அந்த வழியில் லொறி வருவதற்குத் தங்கள் போஞ்சிப் பாத்திகளை விட்டுக்கொடுத்த கிராமத்துக் குடும்பங்களின் மனதை நாங்கள் என்றும் மறக்கமாட்டோம். கொழுந்தெடுத்து வந்த களைப்போடு மாலை நேரங்களில் குறுக்குக் கான் வெட்டி, வெறுந்தரையில் மானாப்புல் பரப்பிய எங்கள் அக்காமார், தங்கைமாருக்கும் நன்றி.

விடியற்காலையில் பீலித் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பெரியவரையும், அந்தப் போத்தல்களைத் திகதி எழுதிப் பள்ளிக்கூட ஜன்னலில் வரிசையாக அடுக்கி வைத்த பிள்ளைகளையும் ஆசிரியையையும் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பிடித்த நாள் முதல் ஒரு போத்தல்கூடக் கலங்கியிருக்கவில்லை.

வெட்டிய அடிக்கட்டைகள் இப்போது துளிர்க்கத் தொடங்கியுள்ளன. வேகமாக வளரும் இளந்துளிர்கள் நிலத்து நீரை நிறைய இழுக்கும் என்பதால், ஊற்றுக்கு அருகில் உள்ளவற்றை ஒடித்துவிட்டு நாட்டு மரக்கன்றுகள் நடுவதற்குத் துரை சம்மதித்திருக்கிறார். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பெரட்டுக்களத்தில் கூடி மேலே போகிறோம். நீங்கள் அனைவரும் வந்தால் மகிழ்வோம்.

இப்படிக்கு,
செயலாளர், தோட்டக் குடிநீர்க் குழு