ஆண்டறிக்கை: எருது பிழைத்துக்கொண்டது, சன்னல்தான் பாக்கி

பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கும் நம் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று புகார் வந்ததால் இந்தத் தடவை சுருக்கிவிட்டேன்.

போலந்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் நம் ஹைனூவ்கா மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பியாவோவியெஜா காடும் ஐரோப்பியக் காட்டெருதும்தான். அதைக் குறை சொல்லவில்லை. 1919-இல் இந்தக் காட்டின் கடைசி எருதையும் சுட்டுத் தீர்த்த பிறகு, உயிரியல் பூங்காக்களில் மிஞ்சியவற்றை வைத்து 1929-இல் இனப்பெருக்கம் தொடங்கி, 1952-இல் மறுபடி காட்டில் விட்ட கதை எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ஆனால் வருகிறவர்கள் காலையில் வேலிக்குள் நிற்கும் எருதைப் பார்த்துப் படம் எடுத்து, மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். கடும் பாதுகாப்புப் பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் போக முடியாது என்பதே பலருக்கு வாசலில்தான் தெரிகிறது.

எருதுக்கு யுனெஸ்கோ வரை ஆள் இருக்கிறது, நம் வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் செயற்குழு இந்த வருடம் 'திறந்த சன்னல் கதவுகளின் நாடு' எனப்படும் சோட்சே, புஹ்வி, ட்ஷெஷ்ச்சான்கா கிராமங்களின் பக்கம் முழுதாகத் திரும்பியது. தெருவோர மரவீடுகளில் சன்னலுக்கு மேலே ரஷ்யச் சாயல் கொண்ட மரச்சித்திர வேலை, இரண்டு பக்கமும் வண்ணக் கதவுகள். ஒரு கதவைக் கழற்றிச் சுரண்டினோம்: பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் ரம்பத்தால் வளைத்து அறுத்த இலையின் ஓரம் இன்னும் கூர்மையாக. போன வருடம் மலிவு என்று பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தது நம் தவறு; ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, குளிர்காலம் முடிவதற்குள் தோல் தோலாக உரிந்தது. இந்தத் தடவை ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ட்தான், காய நாளாகும், பரவாயில்லை.

புஹ்வியின் நீலத் தேவாலயத்தையும் ட்ஷெஷ்ச்சான்காவின் பச்சைத் தேவாலயத்தையும் பார்க்க வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வழிபாட்டு நேரத்தை வழிப்பலகையில் எழுதலாம் என்று பேசினோம், இன்னும் எழுதவில்லை, அது என் பொறுப்புதான். காட்டுக்குள் இருக்கும் டோபிவோ கிராமத்துக்குப் போகும் குறுகிய பாதை ரயிலைப் பற்றிய துண்டுச்சீட்டு மட்டும் அச்சாகிவிட்டது. 2022-இல் பெலாரஸ் எல்லையில் எழுந்த சுவர் பற்றிக் கூட்டத்தில் சண்டை வந்தது, தீர்மானம் எதுவும் இல்லை.

அப்புறம், உலர்ந்த பைன் பலகை யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். சோட்சேயில் இரண்டு சன்னல்கள் இன்னும் கதவில்லாமல் நிற்கின்றன.

செயலாளர்