யாரே அழகுக்கு அழகு செய்வார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ‘கில்ட் த லில்லி’ (லில்லி மலருக்குத் தங்க முலாம் பூசுதல்) என்னும் ஆங்கிலத் தொடருக்கு ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. இரண்டும் மிகுதியைப் பற்றியவைதாம். ஆனால் நம் பழமொழி மிகுதியால் விளையும் கேட்டைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரோ, தானே நிறைவாக இருக்கும் ஒன்றுக்கு வேண்டாத ஒப்பனை செய்வதைச் சொல்கிறது. அடைமழையில் பயிர் அழுகியதைப் பற்றி எழுத வந்த என் மாணவன் ஒருவன், மழை லில்லிக்கு முலாம் பூசிவிட்டதாக முன்பு எழுதினான். அவனும் இப்படியொரு விளக்கத்தைத்தான் மனப்பாடம் செய்திருந்தான். கோயில் தூணில் உள்ள கருங்கல் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதைக் குறிக்க எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

தொடரின் மூலம் ஷேக்ஸ்பியரின் ‘கிங் ஜான்’ நாடகம். முன்பே முடிசூடிய ஜான் மன்னன் மறுபடியும் முடிசூட்டிக்கொள்ள, இது எதற்கு என்று பிரபுக்கள் முகம் சுளிக்கும் நான்காம் அங்கத்தில், புடம்போட்ட தங்கத்துக்கு முலாம் பூசுவதும், லில்லி மலருக்கு வண்ணம் தீட்டுவதும், வயலெட் பூவின்மேல் வாசனை தெளிப்பதும் வீணான, நகைப்புக்கிடமான மிகை என்கிறார் சாலிஸ்பரி பிரபு. அங்கே முலாம் தங்கத்துக்குத்தான், லில்லிக்கு வண்ணம். நாளடைவில் இரண்டும் ஒன்றாகிப்போயின, அகராதிகளும் ஏற்றுக்கொண்டன, ஆகவே இன்றைய வழக்கைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஷேக்ஸ்பியர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் எழுதும்போது ‘பெயின்ட் த லில்லி’ என்பதே சரி.

தமிழில் இதற்கு நேரான தொடர் வேண்டுமென்றால் பழமொழிக்குப் போக வேண்டியதில்லை. கற்றவர்க்குக் கல்வியே அணி, வேறு அணிகலன் வேண்டா என்று நீதிநெறி விளக்கத்தில் பாடும் குமரகுருபரர், ‘முற்ற முழுமணிப் பூணுக்குப் பூண்வேண்டா யாரே அழகுக்கு அழகுசெய் வார்’ என்கிறார். சாலிஸ்பரி சொல்வதும் இதைத்தான்.

இன்னொன்று. அப்பக்கத்தில் ‘கில்ட்’ என்னும் சொல்லில் ‘ஜி’ எழுத்துக்குப் பின் ஒரு ‘யு’ நுழைந்திருந்தது. உச்சரிப்பு மாறாது என்றாலும், அந்த ‘யு’ வந்தால் அது கைவினைஞர் சங்கத்தைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அப்பக்கத்தைக் கத்தரித்து ஒட்டிவைப்பது வழக்கம் என்பதால், திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்